யாருக்கு அந்த அறை?

கண்ணு,

உன் மகள் கல்யாணமாகி ஓசூர் போய்விட்டாள். இப்போது சின்னவனும் வேலைக்குப் புனே கிளம்பிவிட்டான் என்று உன் அம்மா சொன்னாள். தஞ்சாவூர் வீட்டுக் கீழ் அறையை என்ன செய்வது என்று ஆளுக்கொரு யோசனை ஓடுகிறதாம். வாடகைக்கு விடலாம் என்கிறார் எங்கள் மாப்பிள்ளை, உன் வீட்டுக்காரர். பூஜை அறையாக்கலாம் என்கிறார் உன் மாமியார். நீ மட்டும் வாயே திறக்கவில்லையாம். அதைக் கேட்ட பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் திருச்சித் தெருவில் எல்லாம் ஒரே காலத்து வீடுகள். எண்பதுகளில் பி.எஃப். கடனும் நகை அடகும் போட்டுக் கட்டியவை. பத்துக்குப் பதினொன்று அடியில் 'பிள்ளைங்க ரூம்' இல்லாத வீடு கிடையாது. பிள்ளைகள் பெங்களூருக்கும் டாலஸுக்கும் போய் அந்த அறைகள் ஒவ்வொன்றாகக் காலியானதையும், பிறகு அவற்றில் நடந்த கூத்துகளையும் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். கூத்தில் எனக்கும் பங்குண்டு. பெரியம்மா சொல்கிறேன், கேட்டுக்கொள். பிடிக்காததை விட்டுவிடு.

1. முதலில் ஒரு பண்டிகை போகட்டும். பிள்ளை ரயிலேறிய வாரமே கட்டிலைக் கழற்றாதே. என்னோடு பள்ளியில் வேலை பார்த்த ஒரு டீச்சர், மகன் போன பத்தே நாளில் அறைக்குப் புதுப் பெயின்ட் அடித்து, மேசையை விற்று, சோபா வாங்கிப் போட்டுவிட்டார். காலி அறையைப் பார்த்தால் அழுகை வருகிறது என்றார், பாவம். தீபாவளிக்கு வந்த மகன் தோளில் பையோடு ஹாலிலேயே நின்று, “பைய எங்கம்மா வைக்கட்டும்?” என்று கேட்டான். அவன் கோபமாகக் கேட்கவில்லை. வந்த விருந்தாளி கேட்கிற மாதிரி கேட்டான். அதைச் சொல்லும்போது அந்த டீச்சர் குரல் இறங்கிவிட்டது. பிள்ளை ஒருமுறை போய், திரும்பி வந்து, அந்தக் கட்டிலில் படுத்து, 'இங்கே இனி நான் வந்து போகிறவன்தான்' என்று தானாக உணரவேண்டும். அதற்கு நாலைந்து மாதம் ஆகும். இன்னொன்று: போகிக்கு முந்தின நாள் எந்த முடிவும் எடுக்காதே. அன்றைக்குக் கை எல்லாவற்றையும் தூக்கிப் போடத்தான் துடிக்கும்.

2. காத்திரு என்றேன், பூட்டி வை என்று சொல்லவில்லை. நம் டெல்டா மண்ணில் பூட்டிய அறை சும்மா இருக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவர் ஓதம் குடிக்கும், பீரோவுக்குப் பின்னால் பூசணம் படரும். ப்ளைவுட் அலமாரியைக் கரையான் உள்ளிருந்தே தின்று முடித்து, மேல்தாளை மட்டும் நமக்கு மிச்சம் வைக்கும். புத்தகத்துக்கு ராமபாணப் பூச்சி. எங்கள் தெருவில் ஒருவர், மகள் அமெரிக்காவிலிருந்து வந்தால் அவள் அறை அவள் விட்டபடியே இருக்கவேண்டும் என்று சாவி போட்டு வைத்தார். பாசம்தான், யார் இல்லையென்பார்கள்? மூன்று மழை கழித்துத் திறந்தால் இலவம்பஞ்சு மெத்தை கட்டியாகி நாறியது. தினமும் காலையில் ஜன்னலைத் திற. வாரம் ஒருமுறை மின்விசிறியைச் சுற்றவிடு. பங்குனி வெயிலில் மெத்தையை மாடியில் போட்டு இரண்டு பக்கமும் புரட்டு. பீரோவைச் சுவரைவிட்டு ஒரு சாண் தள்ளி வை.

3. இப்போது முக்கியமானதைச் சொல்கிறேன். அந்த அறையை எதற்குப் பயன்படுத்துவது என்று எல்லோரும் பேசுகிறீர்கள். யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை. அதை முதலில் கேள்.

உன் வீட்டை ஒருமுறை மனசுக்குள் சுற்றி வா. மாப்பிள்ளைக்கு ஹாலில் ஈசிசேர் இருக்கிறது, பக்கத்தில் பேப்பர் வைக்க ஸ்டூல். மாமியாருக்கு ஜன்னலோரக் கட்டில். டி.வி.க்கு ஒரு சுவர், ஸ்கூட்டருக்கு போர்டிகோ. சாமிக்குச் சமையலறையில் கிழக்குப் பார்த்த மாடம் இருக்கிறது. அவர் கோவித்துக்கொள்ள மாட்டார். உனக்கு? உன் தையல் மெஷின் பாத்ரூம் போகிற வழியில் இடித்துக்கொண்டு நிற்கிறது. கண்ணாடி ஃபிரிட்ஜ் தலையில். பாஸ்புக் புடவை அடுக்குக்கு அடியில். பகலில் முதுகு வலித்தால் எங்கே படுப்பது என்று நீ யோசிப்பதை நானே பார்த்திருக்கிறேன். இருபத்தெட்டு வருடமாக நடத்துகிற வீட்டில் கதவு சாத்திக்கொள்ள உனக்கு ஓர் இடம் இல்லை.

எங்கள் எதிர்வீட்டு அம்மாள் கல்யாணத்துக்கு முன் வீணை கற்றவர். சீராக வந்த வீணை துணி சுற்றிப் பரணில் ஏறியது, அவ்வளவுதான். இரண்டாவது மகள் போனபின், அறுபது வயதுக்கு மேல், அதை இறக்கித் தஞ்சாவூருக்கே எடுத்துப்போய், மெழுகு மாற்றி இருபத்து நாலு மெட்டும் பதித்து மேளம் கட்டிக்கொண்டு வந்தார். மகளின் அறையில் ஒரு பாய், ஒரு வீணை, வேறொன்றும் கிடையாது. “இந்த வயசுல எதுக்கு இது?” என்றாராம் வீட்டுக்காரர். இவர் பதில் சொல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டாராம். நன்றாக வாசிக்கிறார் என்று பொய் சொல்ல மாட்டேன், சுருதி இன்னும் ஓடத்தான் ஓடுகிறது. ஆனால் சாயங்காலம் ஐந்து மணிக்கு அந்த வீட்டில் காபி கேட்கிறவர் தானே போட்டுக் குடிக்கப் பழகிவிட்டார்.

உனக்கு வேண்டுமென்றால், “எனக்கு வேணும்” என்று சொல். காபி குடிக்கிற நேரத்தில், சாதாரணக் குரலில் சொல். தையல் தைத்துச் சம்பாதிக்கிறேன், டியூஷன் எடுக்கிறேன் என்று கணக்குக் காட்டாதே. நம் பெண்களுக்கு இது ஒரு நோய், எதைக் கேட்டாலும் அதனால் வீட்டுக்கு என்ன லாபம் என்று சேர்த்துச் சொல்வது. உட்கார்ந்திருக்க ஓர் இடம் வேண்டும் என்பதும் ஒரு காரணம்தான்.

4. ஒரே ஒரு நியாயம் இதற்கு முன்னால் வரும். வீட்டில் நடக்க முடியாதவர் ஒருவர் இருந்தால் கீழ் அறை அவருக்கு. உன் மாமியார் பூஜை அறை கேட்கிறார் என்றால், உண்மையில் என்ன கேட்கிறார் என்று கொஞ்சம் உற்றுப் பார். எங்கள் மாமியார் ஒரு வருடம் முழுக்கச் சாமி படத்துக்கு வெளிச்சம் போதவில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தார். ராத்திரி பாத்ரூம் போக வழியில் வெளிச்சம் இல்லாததைத்தான் அப்படிச் சொல்லியிருக்கிறார் என்று அவர் விழுந்த பிறகே எங்களுக்குப் புரிந்தது. வயசானவர்கள் தங்களுக்கு என்று எதையும் நேராகக் கேட்பதில்லை, சாமி பேரில் கேட்பார்கள்.

அப்படி அவருக்குத்தான் அறை என்றால் அரைகுறையாகச் செய்யாதே. கட்டில் முழங்கால் உயரத்துக்கு இருக்கட்டும். தாழ்ந்த கட்டிலிலிருந்து எழுந்திருக்கும்போதுதான் தள்ளாடுவார்கள். நம் வீடுகளில் பாத்ரூம் கதவு இரண்டரை அடிதான் வைப்பார்கள். நிலைக்கட்டை போக மிஞ்சும் இடைவெளியில் சக்கர நாற்காலி உரசும், கை நசுங்கும். கொத்தனார் வரும்போதே மூன்றடியாக்கு. கதவு வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி வை. உள்ளே விழுந்தவர் கதவுக்கு அணையாகக் கிடந்தால் உள்பக்கம் திறக்கும் கதவை யாராலும் தள்ள முடியாது. தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் திறக்கக்கூடியதாக இருக்கட்டும். கோப்பைக்குப் பக்கத்தில் கைப்பிடிக் கம்பியை டைல்ஸில் மட்டும் ஒட்டிவிட்டுப் போகிற ஆள் உண்டு, செங்கல் வரைக்கும் துளைபோட்டு இறுக்கச் சொல். வாசலில் கால்மிதி வேண்டாம், அது வழுக்கும். இன்வெர்ட்டரில் அந்த அறையின் ஒரு விளக்கையும் விசிறியையும் சேர்த்துவிடு. இதெல்லாம் பெரிய செலவில்லை. நாளைக்கு உனக்கும் எனக்கும் ஆகும் செலவுதான்.

அவர் நன்றாக நடமாடுகிறார், ஜன்னலோரக் கட்டிலே போதும் என்றால் மேலே சொன்ன மூன்றாவதற்குத் திரும்பிப் போ.

5. சாமான் அறையாக மட்டும் ஆக்காதே. யாரும் முடிவு செய்து ஆக்குவதில்லை, தானாக ஆகும். முதலில் கொலுப் படி, பிறகு பழைய கிரைண்டர், அப்புறம் டி.வி. வந்த அட்டைப்பெட்டி. ஒரு பொங்கலுக்குப் பார்த்தால் கதவே திறக்காது.

6. பிள்ளையின் பொருளைப் பிள்ளையைக் கேட்டு எடு. உன் அறிவில் எது உசத்தி என்று நினைக்கிறாயோ அது அவர்களுக்கு உசத்தியாக இருக்காது. என் மகளுடைய பேச்சுப்போட்டிக் கேடயங்களையெல்லாம் துடைத்துத் துடைத்து வைத்திருந்தேன். வீடியோ காலில் காட்டினால், “அதெல்லாம் போட்டுடும்மா” என்றாள், கண்ணைக்கூடச் சிமிட்டாமல். எடைக்குப் போட ஒதுக்கிய கட்டிலிருந்து ஒரு பிளஸ் டூ தாவரவியல் ரெக்கார்ட் நோட்டு எட்டிப்பார்த்தது. “ஐயோ, அது வேணும்” என்று கத்தினாள். அதிலிருந்த படங்களில் பாதி உன் பெரியப்பா ராத்திரி கண்விழித்து வரைந்து கொடுத்தவை. எனக்கே மறந்துபோயிருந்தது. பழைய பேப்பர்காரர் தராசை எடுத்த பிறகு கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்!

கேட்கும்போது ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கேட்காதே. வேலை முடிந்து வந்த களைப்பில் “எல்லாத்தையும் தூக்கிப் போடு” என்பார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு ஓர் அலமாரித் தட்டு என்று வை. வேண்டியதை ஒரு பெட்டியில் போட்டு, பெயர் எழுதி, அடுத்தமுறை வரும்போது கையில் கொடுத்தனுப்பு. அவர்களுடைய சின்ன வயசை நீ சாகும்வரை காவல் காக்கவேண்டும் என்று சட்டமில்லை.

7. சில காகிதங்களை அவர்கள் போடு என்றாலும் போடாதே. பத்தாவது, பன்னிரண்டாவது மார்க் ஷீட், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ். டிஜிலாக்கரில் இருக்கிறது என்று சொல்வார்கள், இருக்கட்டும், அசலும் இருக்கட்டும். எதையும் லேமினேட் செய்துவிடாதே. வெளிநாட்டு வேலைக்குச் சான்றொப்பம் வாங்கப்போகும்போது அந்தக் காகிதத்தின் மேலேயே முத்திரை விழவேண்டும். அப்புறம் குழந்தையாக இருந்தபோது போட்ட தடுப்பூசி அட்டை. சிரிக்காதே. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சேரும்போது தட்டம்மை ஊசி போட்டதற்கு ஆதாரம் கேட்கின்றன. எங்கள் தெருவில் ஒரு பையனுக்கு அது கிடைக்காமல், இருபத்து மூன்று வயதில் மறுபடி ஊசி போட்டுக்கொண்டு விமானம் ஏறினான்.

8. கோபத்தில் அந்த அறையைத் தொடாதே. சொன்ன பேச்சைக் கேட்காமல் கல்யாணம் செய்துகொண்ட மகனின் கட்டிலை அந்த வாரமே விற்ற ஒருவரை எனக்குத் தெரியும். பேரன் பிறந்ததும் கோபம் போய்விட்டது. மகனும் மருமகளும் குழந்தையோடு வந்தபோது மூவரும் ஹாலில் பாய் விரித்துப் படுத்தார்கள். மகன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த மருமகள்தான் பிற்பாடு என்னிடம், “மாமா அன்னைக்கு ராத்திரி முழுக்கத் தூங்கலை அத்தை, எழுந்து எழுந்து வந்து கொசுவத்தி மாத்திட்டே இருந்தார்” என்றாள்.

9. மேல்தளத்தில் தூளிக் கொக்கி இருந்தால் அதை அறுக்க விடாதே. இது சின்ன விஷயமாகத் தெரியும். ஃபால்ஸ் சீலிங் போட வருகிறவனுக்கு முதலில் உறுத்துவது அதுதான். “எதுக்குமா இது, வெட்டிடலாமா?” என்பான். வெட்டினால் திரும்ப வைப்பது சுலபமில்லை, கான்கிரீட் போடும்போது கம்பியோடு கட்டி விட்ட கொக்கி அது. உன் மகள் ஓசூரில் இருக்கிறாள். வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு எங்கே வருவாள்? உன்னிடம்தான். வந்தால் ஐந்து மாதம் இருப்பாள். பத்தியச் சாப்பாடு, வேப்பிலை வெந்நீர், ராத்திரி அழுகை எல்லாம் எந்த அறையில் நடக்கும்? நம் வீடுகளில் பிள்ளைகள் ஒரேயடியாகப் போய்விடுவதில்லை, கண்ணு. போவார்கள், வருவார்கள், ஒருநாள் ஒரு குழந்தையோடு வருவார்கள்.

2020 மார்ச்சில் பார்த்தோமே. ஊரடங்கு என்றதும் தெரு முழுக்கப் பிள்ளைகள் வந்து இறங்கினார்கள், லேப்டாப்பும் கையுமாக. அறையை விட்டுவைத்த வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு வேலை பார்த்தார்கள். பலசரக்குக் கிடங்காக்கிய வீட்டில் ஒரு பையன் இஸ்திரிப் பலகையை மேசையாக்கி, மிளகாய் மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மேனேஜரிடம் இங்கிலீஷில் தும்மிக்கொண்டிருந்தான்.

ஆகவே, நீ எதுவாக மாற்றினாலும் ஒருநாளில் திருப்பக்கூடியதாக மாற்று. சுவரோடு சேர்த்து அடிக்கும் மரவேலை குறைவாக இருக்கட்டும். பகலில் உட்காரவும் ராத்திரி படுக்கவும் ஆகிற திவான் ஒன்று, மடக்குக் கட்டில் ஒன்று, பீரோவில் ஒரு தட்டு பிள்ளைகளுக்கென்று காலி. அது போதும். இது உன் அறை, அவர்கள் வரும்போது அவர்களுக்குக் கொடுக்கிறாய். இந்த வரிசை மாறிவிடக்கூடாது.

10. வாடகை. மாப்பிள்ளையின் யோசனையை நான் தள்ளவில்லை. மருத்துவக் கல்லூரிப் பக்கம் வீடு, படிக்கிற பிள்ளைகள் தேடி வருவார்கள், மாதம் ஒரு தொகை கையில் நிற்கும். ஆனால் அந்த அறைக்குத் தனிவாசல் இல்லை. ஹால் வழியாகத்தான் போகவேண்டும். உன் வீட்டு ஹாலில் நீ நைட்டியோடு நடமாட முடியாத நாள் வந்தால் அந்தப் பணம் இனிக்குமா என்று அவரைக் கேள். தனிவாசல் வைக்க வழியுண்டு என்றால் யோசிக்கலாம்.

கொடுப்பதானால் வாய்ப்பேச்சில் கொடுக்காதே. 2019 பிப்ரவரியிலிருந்து தமிழ்நாட்டில் புது வாடகைச் சட்டம் நடப்பில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாகவேண்டும். தெரிந்தவர் பிள்ளை, எதற்கு எழுத்து என்று தோன்றும். தெரிந்தவர் என்பதால்தான் எழுதவேண்டும், தெரியாதவரிடம் சண்டை போட நமக்கு நாக்குக் கூசாது. பெண்பிள்ளைகளைச் சேர்த்துச் சாப்பாட்டோடு ஹாஸ்டலாகவே நடத்துவதென்றால் அதற்கு 2014-ஆம் வருடச் சட்டம் ஒன்று தனியாக உண்டு, மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் வாங்கவேண்டும்.

அதோடு இதையும் சொல்லிவிடுகிறேன். வந்து தங்கும் பெண்ணை மகளாக்கிக்கொள்ளாதே. அவள் எத்தனை மணிக்கு வந்தாள், யாரோடு பேசினாள் என்று கவனிக்கத் தொடங்கினால் அவளுக்கும் மூச்சு முட்டும், உனக்கும் தூக்கம் போகும். காய்ச்சல் என்றால் கஞ்சி கொடு. மற்றதற்கு அவளுக்கு அம்மா இருக்கிறாள்.

11. இதை மெதுவாகச் சொல்கிறேன். மாப்பிள்ளை குறட்டை விடுவார் என்று உன் அம்மா எப்போதோ சொன்ன ஞாபகம். வயசான தம்பதி இரண்டு அறையில் படுத்தால் சண்டை என்று அர்த்தமில்லை. ஊர் அப்படித்தான் சொல்லும். உன் பெரியப்பாவுக்கு ராத்திரி பதினோரு மணிவரை ரேடியோ வேண்டும், எனக்கு நாலரைக்கு விழிப்பு வந்துவிடும். மகன் அறை காலியானபின் நான் அங்கே போய்ப் படுத்தேன். காலையில் காபியோடு இரண்டு பேரும் சந்தித்தால் பேசுவதற்கு நிறைய இருக்கிறது. முன்பெல்லாம் தூக்கம் கெட்ட எரிச்சலில் முதல் வார்த்தையே குத்தலாகத்தான் வரும்.

12. புத்தகம் இருக்கிற வீடு என்றால் புத்தகத்துக்குக் கொடுக்கலாம். உன் மாமனார் சேர்த்தவை பரணில் கிடக்கின்றனவே. தஞ்சாவூருக்குப் பக்கத்துப் புதுக்கோட்டையில் பா. கிருஷ்ணமூர்த்தியும் அவர் மனைவி டோரதியும் சேர்க்கத் தொடங்கிய புத்தகங்கள்தாம் இன்று ஞானாலயா. காரைக்குடிக்கு அருகே கோட்டையூரில் ரோஜா முத்தையா தன் வீட்டில் குவித்த நூல்கள், அவர் காலத்துக்குப் பின் 1994-இல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமாயின. நீ அவ்வளவு போகவேண்டாம். பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டி, எது பழைய பதிப்பு என்று ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டு. உனக்கு வேண்டாதவற்றை இப்படிப்பட்ட இடத்துக்கு எழுதிக் கேள். அறையில் கடப்பாக்கல் ஷெல்ஃப் இருந்தால் பெயர்க்காதே. பார்க்க அழகில்லைதான், ஆனால் எத்தனை எடை வைத்தாலும் தொய்யாது, கரையானுக்கும் அதில் வேலையில்லை.

13. செலவைப் பற்றிக் கொஞ்சம். பெயின்ட் தை, மாசியில் அடி. மழைக்காலத்தில் பட்டி பார்த்தால் ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு, அடுத்த ஆடிக்குள் கொப்பளித்து உதிரும். ஓதம் இருந்தால் அது எங்கிருந்து வருகிறது என்று பார்த்து அடை. பெரும்பாலும் பாத்ரூம் குழாயிலிருந்துதான் வரும். மேலே பூசி மறைக்காதே. அந்த அறைக்கும் ஏ.சி. என்றால் கரண்ட் கணக்கைப் பார்த்துக்கொள். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறாது, கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் வேறு கணக்கு வந்துவிடும். நல்ல எதிர்ஜன்னலும் ஒரு விசிறியும் இருக்கிற அறைக்கு முதல் கோடையில் ஏ.சி. வேண்டாம், இருந்து பார்.

கூரையில் உன் சின்னவன் ஒட்டிய ரேடியம் நட்சத்திரங்களைப் பெயின்டர் சுரண்டிவிடுவார். வேண்டுமென்றால் அன்றைக்குக் காலையிலேயே சொல்லிவிடு. வேண்டாமென்றால் சுரண்டட்டும், அதற்காகக் கண்கலங்க வேண்டாம், பிசின் காய்ந்து அவையாகவே உதிரத் தொடங்கியிருக்கும்.

14. பிள்ளைகளிடம் மறைக்காதே. புனேயிலிருந்து அவன் போனில், “என் ரூம்ல என்னம்மா பண்றீங்க?” என்று கேட்பான். “ஒண்ணுமில்லப்பா, சும்மா ஒழிக்கிறோம்” என்று மழுப்பாதே. “அது இனிமே என் ரூம்டா. உன் கட்டில் இருக்கு, உனக்கு ஒரு தட்டு இருக்கு” என்று சொல். ஒரு நிமிஷம் பேசாமல் இருப்பான். இருக்கட்டும். பிறகு பெரும்பாலும் கேட்பது, என் கிரிக்கெட் பேட் எங்கே என்றுதான். அதற்கு மட்டும் பதிலைத் தயாராக வைத்துக்கொள்.

15. நான் மாசி மகம் முடிந்து கும்பகோணத்திலிருந்து திரும்பும் வழியில் உன் வீட்டில் இறங்குகிறேன். இன்ச் டேப் எடுத்து வை. அதுவரை மெஷினை மட்டும் பாத்ரூம் வழியிலிருந்து எடுத்து, அந்த அறை ஜன்னலுக்குக் கீழே நகர்த்திவிடு. அதற்கு யார் அனுமதியும் வேண்டாம், மாப்பிள்ளையையே ஒரு பக்கம் பிடிக்கச் சொல். ஜன்னல் வடக்குப் பார்த்ததுதானே, ஊசியில் நூல் கோக்க வெளிச்சம் நன்றாக இருக்கும்.